இடமாகச் சுற்றிய ராட்டினம்

போடிநாயக்கனூர்,
துன்மதி வருஷம், பங்குனி மாதம்.

சிரஞ்சீவி தம்பி ஒச்சப்பனுக்கு, அண்ணன் கண்ணுச்சாமி எழுதுவது. இளையவனாகப் பிறந்துவிட்டாய்; ஆகவே ஆசீர்வாதம். இவ்விடம் சுகம் என்று எழுத இயலவில்லை. ஏலக்காய்ப் பொதிக்காகக் கழுதைகளோடு மலைமெட்டு ஏறி உன் எஸ்டேட் பக்கம் வரும் மலைச்சாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆத்தா படுத்துவிட்டாள். கஞ்சி இறங்கவில்லை. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். பிள்ளைகள் என்றால் நாம் இரண்டு பேர்தான்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு இன்னும் ராட்டினம் பூட்டவில்லை. நீ செதுக்கிய குதிரை ஒன்றுக்குக் காது ஒடிந்துவிட்டது. எனக்கு ஒட்டத்தான் தெரியும். மதுரையில் மெட்ரிகுலேஷன் தேறிப் பள்ளிக்கூட வேலையில் இருந்தவனை, நீ மலை எஸ்டேட்டுக்குப் போனதும் அய்யா நம் ராட்டினத் தொழிலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து திருவிழாக் கூட்டத்தில் நின்று ராட்டினம் தள்ளுகிறவர்களைச் சத்தம் போடுவதே என் உத்தியோகம். இதை நீ ஒருநாளும் நினைத்திருக்கமாட்டாய்.

உன் காரியத்தையும் நான் மறக்கவில்லை. தாத்தா காலம் முதல் நம் ராட்டினம் வலமாகத்தான் சுற்றும். நீ எஸ்டேட் துரை காட்டிய படத்தைப் பார்த்துக் குதிரைகளைத் திருப்பிச் செதுக்கி, கிறிஸ்துமஸுக்கு அங்கேயே பிள்ளைகளை ஏற்றி இடமாகச் சுற்றவிட்டாய். "சுடுகாட்டுலதான்டா எடமாச் சுத்துவாக. உசுரோட இருக்கிற பிள்ளைகளையா அப்பிடிச் சுத்தவிட்டான்? இனி என் வாசப்படி மிதிக்கப்படாது" என்றார் அய்யா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நீயோ மலைச்சாமியிடம், "குதிரைக்குத் தெரியுமாண்ணே, சோத்துக்கை எது பீச்சாங்கை எதுன்னு?" என்று கேட்டுச் சிரித்தாயாம். அப்புறம் உன் பேரைச் சொல்லாமலே அய்யா போய்ச் சேர்ந்தார். மூத்தவன் நான் கொள்ளி வைத்தேன்.

ஆத்தாளுக்கு வைக்க வேண்டியவன் கடைசி மகன். அது உன் உரிமை; நான் பறித்துக்கொள்ளமாட்டேன். "அந்தப் பய வராம என்னைய எடுக்கப்படாது" என்று அவளும் சொல்லிவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "ஊட்டுற கையி யாரு கண்ணுக்குத் தெரியுது?" என்றாள் உன் மதினி வேலுத்தாய், எனக்குக் கேட்கும்படியாக.

அய்யா போட்ட தடை அய்யாவோடு போயிற்று. நான் எதுவும் போடவில்லை. வந்தால் என்னோடு பேசியாக வேண்டும் என்பதும் இல்லை. நான் ராட்டினக் கொட்டகையில் இருந்துகொள்வேன். நீ நேரே உள்ளே போ.

நேற்று ஆத்தாளுக்குப் பார்வை போய்விட்டது. தண்ணீர் கொடுக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒச்சா, வந்துட்டியாடா?" என்று கேட்டாள். என்ன நினைத்தேனோ, "வந்துட்டேன் ஆத்தா" என்றேன். சாயங்காலம் வரை கையை விடவில்லை. இன்று காலையில் என் உள்ளங்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "உளி புடிச்சுக் காய்ப்புக் காய்ச்ச கையில்ல அவென் கையி. இது யாரு?" என்றாள்.

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மலைப்பாதையில் பார்த்து இறங்கு. நீ நல்லா இருப்ப, வெரசா வாடா.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கண்ணுச்சாமி