இத்தாவில் வந்த கடல்

மச்சி,

மூன்று நாளாக மழை. நான் இத்தா இருக்கும் அறையின் சுண்ணாம்புச் சுவர் ஊறி, அந்தப் பழைய வாடை வருகிறது. என் வீட்டுக்காரர் மௌத்தாகி, அடக்கம் செய்து முப்பத்தாறு நாள். நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? மீமிசலில் புயல் அடித்த அன்று நீங்கள் இருந்ததும் இதே இருப்புத்தானே.

உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உங்களுக்குத் துணையாக நான் வந்திருந்தேன். உச்சிப்பொழுதில் கடல் தெருவுக்குள் வந்தது. ஊரே பள்ளிவாசல் மாடிக்குப் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் என் வீட்டுக்காரர் இன்னும் மூன்று பேரோடு வத்தைப் படகை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நீங்கள் கட்டிலைவிட்டு அசையவில்லை.

“இத்தாவுல இருக்கேன். நீ போம்மா.”

“உசுருக்கு ஆபத்துன்னா வெளியேறலாம்னு பள்ளிவாசல் அசரத்தே சொல்லி விட்டிருக்காக, மச்சி.”

“சொல்லட்டும். நான் வரல.”

வெளியே நால்வரும் பாய்த்துணியை மறைப்பாக விரித்துப் பிடித்து, நமக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். காற்று அவர்களைத் தள்ளியது. ஒருவரும் திரும்பவில்லை. இன்று நினைத்தாலும் அழுகை வருகிறது. அன்று வந்ததென்னவோ ஆத்திரம்தான். மார்க்கமே விட்டுக்கொடுத்ததை நீங்கள் விடமாட்டீர்களாமே என்று பல்லைக் கடித்தேன். சமையல்கட்டுச் சுவர் சரிந்தது. நான் கட்டிலில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்ப நானும் போகல.”

நானும் வீம்பை விடவில்லை. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். நாம் பள்ளிவாசல் சேர்வதற்குள் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது.

ஊர் என்னை மெச்சியது. நானும் பெருமையாகத்தான் திரிந்தேன். பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டீர்கள்: “அன்னிக்கு என்னைய ஏம்மா கூட்டியாந்தே?” விளையாட்டென்று சிரித்து மழுப்பினேன்.

இப்போதுதான் புரிகிறது. உங்களைக் கட்டிலில் பிடித்து வைத்தது இத்தா இல்லை. அண்ணன் இல்லாத வெளியில் என்ன இருக்கிறது என்றுதான் உட்கார்ந்திருந்தீர்கள். இத்தா என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். எனக்கும் இந்த நாலு சுவர் சிறையாகத் தெரியவில்லை. நாள் முடிந்து கதவைத் திறந்துவிடுவார்களே என்பதுதான் மூச்சை முட்டுகிறது.

ஏன் கூட்டி வந்தேன் என்று கேட்டீர்களே. உங்களுக்காக இல்லை, மச்சி. அண்ணனும் போய் நீங்களும் போய்விட்டால், பிறந்த வீடு என்று சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்? அந்தச் சுயநலத்துக்காக நீங்கள், கண்ணை மூடும்வரை, பதினோரு வருஷம் உயிரோடு இருந்து கொடுத்தீர்கள். நானும் என் மகளுக்காக இருப்பேன். ஆசையோடு இருப்பேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.