தமிழ் வந்தால் ஊமையாகிற பெட்டி

உன் ரிமோட் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. காலையில் பூதலூரிலிருந்து உன் அம்மா வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று நடுப் பொத்தானில் நீ ஒட்டிய நெல்மணி இன்னும் உதிரவில்லை.

உன் காரியத்துக்கு வந்தவர்கள், "பாவம், கண்ணும் தெரியாம இருந்துட்டுப் போயிட்டா" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. பாவமா, நீயா?

கல்லூரியில் ஒன்றாகத்தான் நிரல் எழுதக் கற்றோம். வேலைக்குப் போன சில வருடங்களில் உன் பார்வை போனது. நீ நிரல் எழுதுவதை விடவில்லை. கணினி தன் திரையைப் படித்துச் சொல்ல, காதால் கேட்டே எழுதினாய். அப்போதுதான் டிவியில் பாட்டும் படமும் போட அந்தச் சின்னப் பெட்டியை வாங்கினாய். அதற்கான மென்பொருளைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிறார்கள். யாரும் திருத்தி அனுப்பலாம். பாட்டுப் பட்டியலில் உள்ள ஆங்கிலப் பெயர்களை அது வாசித்துக் காட்டும். தமிழ்ப் பெயர் வந்தால் சத்தமே வராது.

"நம்ம பாட்டு வந்தா மட்டும் ஊமையாயிடுதுடி," என்றாய். அதற்குத் தமிழ்க் குரல் சேர்க்கும் வேலையை அன்றே தொடங்கிவிட்டாய்.

வயலில் அறுவடை மெஷின் ஓடும்போது கதவைச் சாத்திக்கொண்டு நாம் அந்தக் குரலைச் சோதித்தது நினைவிருக்கிறது. ஒருவழியாக அது தமிழ் பேசியது. அனுப்பினோம். அந்தத் தன்னார்வலர் குழு திருப்பி அனுப்பியது: இதை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? திருத்தி அனுப்பினோம். மறுபடியும் அதே கேள்வி.

எனக்கு அலுத்துவிட்டது. "விடுடி. உன் பெட்டியில மட்டும் போட்டுக்கலாம்."

"எனக்கு மட்டும் பேசுனா ஆச்சா? அடுத்து வர்றவ திரும்ப முதல்லேருந்து சண்டை போடணுமா?"

குழுவுக்கு நீயே பதில் எழுதினாய்: "இப்போதைக்கு ஒருத்தி இருக்கிறேன். கதவைத் திறந்துவிட்டு எண்ணுங்கள்." கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று நீ போட்ட கூச்சலில் உன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த உன்னை வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை.

நீ போன சில மாதங்களில் குழு அறிவித்தது: தமிழ்க் குரலைப் பராமரிக்க ஆள் இல்லை, அடுத்த பதிப்பில் நீக்குகிறோம். படித்ததும் நான் அழவில்லை. "அவள்தான் இல்லை, அவள் செய்தது இருக்கிறது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன்.

ஒருத்தியை நம்பி வைத்திருக்க முடியாது என்றார்கள். அன்று மாலையே திருக்கடையூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அந்த அறிவிப்பின் கீழேயே எழுதினார்: "எங்க அம்மாவுக்குப் பார்வை கிடையாது. இப்ப யாரையும் கேக்காம அவங்களே பாட்டு போட்டுக்கிறாங்க. தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க." அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு மலேசியாவிலிருந்து ஒரு பெண். நீ எண்ணச் சொன்ன ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குழுவினர் நீக்கும் பேச்சை விட்டுவிட்டார்கள். பொறுப்பாளர் இடத்தில் உன் பெயரை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை, அதற்குக் கீழே என் பெயரைச் சேர்த்தேன்.

உன்னைப்போல எனக்குச் சண்டை போடத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது. நேற்று ஒருவர், அந்தக் குரல் 'ழ'வை 'ல' என்று சொல்வதாகக் குறை எழுதியிருந்தார். "புரிகிறதே, அது போதாதா?" என்று கேட்டது குழு.

போதாது என்று எழுதிவிட்டு, திருத்த உட்கார்ந்திருக்கிறேன்.