உன் பைனாகுலருக்கு நான் தேர்ந்த பிடி

போன வியாழக்கிழமை லஸ் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பழைய கண்ணாடியில் சிறிய எழுத்துகள் தெரிவதில்லை. கடைக்காரர் சின்னப் பித்தளை அளவுகோல் ஒன்றை என் மூக்குத்தண்டின் குறுக்கே வைத்தார். சில்லென்று இருந்தது. ஒரு கண்ணின் பாவையிலிருந்து மறு கண்ணின் பாவை வரை எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன். காரணம் தெரியாமல் யாரும் என்னை அளப்பது எனக்குப் பிடிக்காது.

“ஒவ்வொருத்தருக்கும் இது வேறம்மா. உங்களுக்குக் கொஞ்சம் அகலம். சில பேருக்கு ரெண்டு கண்ணும் கிட்டக் கிட்ட இருக்கும். இந்த அளவு தப்பினா எவ்வளவு ஒசத்திக் கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை.”

உன் கண்கள் கிட்டக் கிட்ட இருந்தவை. “மூக்குக்கு எடமே விடாமப் படைச்சுட்டார் ஆண்டவர்” என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். சிநேகிதியாய் முப்பது வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவள் நான். ஆனால் நீ போய் எட்டு மாதம் கழித்து, ஒரு கடை நாற்காலியில், முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித்தான் எனக்கு அது உறைத்தது.

உனக்கு எழுதுவதில் பொருளில்லை என்று எனக்குத் தெரியும். நீ போய்ச் சேர்வதாக நம்பிய இடத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இருந்தும் எழுதுகிறேன். இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

அந்தப் பைனாகுலர் உன் அப்பாவுடையது. காட்டிலாகாவில் இருந்தபோது வேட்டைக்கு வைத்திருந்தார். தோல் உறை தேய்ந்து, விளிம்பில் கறுப்புப் போய்ப் பித்தளை தெரியும். கையில் எடுத்தால் அம்மிக் குழவி போல் கனக்கும். புதருக்குள் நிற்கும் மானின் கொம்பைப் பார்க்கச் செய்த பொருளால் நீ அடையாற்று முகத்துவாரத்தில் உள்ளான் பறவைகளின் கால்களைப் பார்த்தாய். பதினோரு வருஷம், ஐப்பசியில் பறவைகள் வந்திறங்கியதிலிருந்து மாசியில் அவை கிளம்பும் வரை, சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் சாந்தோமிலிருந்து ஜட்கா பிடித்துப் போவோம். நீ பார்ப்பாய். நான் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். “எத்தனை?” என்பேன். நீ எண்ணைச் சொல்வாய். சந்தேகம் இருந்தால் “இரு” என்று மறுபடி எண்ணுவாய். எனக்குப் பறவைகள் மேல் பிரியம் கிடையாது. நீ ஒரு எண்ணைச் சொல்லும்போது அது உண்மையாக இருக்கும் என்பதில்தான் பிரியம். கணக்கு வாத்தியாரம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிறகு உன் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் உன் வகுப்புக் கரும்பலகையில் நீ போடும் கோடுகள் நெளிந்தன. அடுத்த வருஷம் காப்பி டம்ளர். டாக்டர் உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார்: இது குறையாது, கூடத்தான் கூடும், காலுக்கும் வரும். அந்த ஐப்பசியில் நீ பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறக்கினாய்.

“ஆறே ஆடுதுடி.”

கொஞ்ச நேரம் கழித்து, சிரிக்காமல் சொன்னாய்: “இந்த ஒரு பருவம் மட்டும் பாத்துட்டேன்னாப் போதும். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி.”

நீ எதையும் கேட்பவள் அல்ல. அதனால் அந்த ஒரு பருவத்தை உனக்கு வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

என் தம்பி போட்டோப் பைத்தியம் தெளிந்து பரணில் போட்ட மர முக்காலி ஒன்று தியாகராய நகர் வீட்டில் கிடந்தது. அதன் தலையில் ஒரு திருகாணி உண்டு. பைனாகுலரிலோ திருகாணிக்கு ஓட்டை கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை. ஒரே வாரத்தில் தீர்ந்திருக்க வேண்டியது.

தீரவும் செய்தது. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் பித்தளைப் பட்டறை வைத்திருந்த ஏகாம்பரத்திடம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா டீச்சரம்மா, துர்பீனை குந்த வெக்கணும், அவ்ளோதானே? ஒரு தொட்டி பண்ணி, மேல வாரு போட்டுக் கட்டிட்டாப் போச்சு. குயந்தைய தூளில போட்டாப்பல படுத்துக்கும்.”

மூன்றாம் நாள் தொட்டி தயார். தேக்குப் பலகையில் குழித்து, அடியில் பித்தளைத் தகடு பதித்து, மேலே பெல்ட் வார். தெப்பக்குளக் கரையில் முக்காலியை நிறுத்தி, கபாலி கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். மூன்றாம் நிலையில் ஒரு பூதத்தின் மூக்கு லேசாக ஆடியது.

“ஆடறது” என்றேன்.

“காத்து அடிக்குதும்மா. இந்தக் காத்துக்குக் கோபுரமே ஆடும்.”

“கோபுரம் ஆடலை. உம்ம தொட்டிதான் ஆடறது.”

நீ பார்த்தாய். “எனக்கு இது போதும்டி” என்றாய். “என் கை ஆடுற ஆட்டத்துக்கு இது சொர்க்கம்.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வார் தளரும், தோல் ஈரத்தில் நீளும், கடற்காற்றில் பலகை உப்பும் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாமே சரியான காரணங்கள். ஏகாம்பரம் தொட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “வுடுங்க, எங்கூட்டுக் கோயி குஞ்சுங்களுக்குத் தீனி வெச்சிக்கிறேன். அதுங்க குறை சொல்லாது” என்றார். திரும்பி வரும்போது ஜட்காவில் நீ சிரித்துச் சிரித்து மாய்ந்தாய். “வானத்துலேருந்து சம்மனசு எறங்கி எதுர்ல வந்து நின்னாலும் நீ ரெக்கையை இழுத்துப் பாத்துட்டுத்தான் கும்பிடுவே.”

மவுண்ட் ரோடில் ஒரு பெரிய கடையில் சீமைச் சரக்காக ஒரு பிடி இருந்தது. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஒரு அச்சு இருக்கிறதே, குழல்கள் மடங்குவதும் விரிவதும் எதைச் சுற்றியோ அந்த அச்சை, இடுக்கி போல் கவ்விப் பிடிக்கும் பிடி. கீழே திருகாணிக்கு மரை. யாரோ ஒரு ஜமீன்தார் வேட்டைக்காக வரவழைத்ததாம். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போவாராம். “பார்க்கிறதா இருந்தா பார்த்துக்கலாம், இதே மாதிரி உங்களுக்கும் வரவழைச்சுத் தரோம்” என்றார் கோட்டுப் போட்ட விற்பனையாளர்.

நீ கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாய். கடையில் இரண்டு துரைமார்களும் ஒரு துரைசானியும் இருந்தார்கள். “நீயே பாத்துச் சொல்லு” என்றாய்.

பார்த்தேன். கையோடு கொண்டுபோயிருந்த நம் பைனாகுலரை அந்தப் பிடியால் முக்காலியில் பூட்டியதும், சன்னலுக்கு வெளியே எதிர்ச் சாரியில் இருந்த பெயர்ப் பலகையின் ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டியதுபோல் நின்றது. விரலால் முக்காலியைச் சுண்டிப் பார்த்தேன். அசைவே இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு விடை சரியாக வந்துவிட்டால் வருமே, அந்தச் சந்தோஷம்.

அப்போது நீ ஒன்று சொன்னாய். மெதுவாக, விற்பனையாளர் காதில் விழாதபடி. “அந்தக் குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு மடக்க முடியுதான்னு பாரேன்.”

“எதுக்குடி? சரியாத்தானே இருக்கு” என்றேன்.

நீ மறுபடி கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள். மார்கழியில் கேட்டபோது கப்பல் இன்னும் வரவில்லை. தையில் கேட்டபோது, வந்தது வேறு அளவு, திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் நீ வராந்தாவில் உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டினாய். ஒருமுறை, “ஏகாம்பரத்தோட கோழிங்க இந்நேரம் எத்தனை உள்ளானைப் பாத்திருக்கும்!” என்றாய். சிரித்தேன். அதற்குள் உனக்கு நடை தளர்ந்துவிட்டது. திரும்பும்போது நாலைந்து சிறிய அடி வைத்துத்தான் திரும்ப முடிந்தது. அந்தத் தொட்டியைப் போய்த் திருப்பி வாங்கி வந்திருக்கலாம். ஒரு மைல் தூரம்கூட இல்லை. சரியான பொருள் வந்துகொண்டிருக்கும்போது தவறான பொருளை எதற்கு வாங்குவது என்று நினைத்தேன்.

மாசிக் கடைசியில் பிடி வந்தது. பறவைகள் கிளம்பும் காலம்.

முகத்துவாரத்துக்கு நாம் போன அந்த ஒரு காலையை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. உன் அண்ணனும் ஜட்காக்காரரும் உன்னை மணல்மேடு வரை ஏறக்குறையத் தூக்கி வந்தார்கள். நான் முக்காலியை நட்டு, பைனாகுலரைப் பிடியில் பூட்டி, பறவைகள் இறங்கும் ஆற்றுத் திட்டின் பக்கம் திருப்பி, எனக்குத் தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்தேன். குப்பத்திலிருந்து கூடையோடு வந்த அஞ்சலை நம்மைப் பார்த்து நின்றுவிட்டாள். பதினோரு வருஷமாக நம்மைக் கேலி செய்தவள்.

“இன்னாம்மா, பீரங்கி எத்தாந்துகிறீங்க? யாரைச் சுடப் போறீங்க?”

“உள்ளானை எண்ணப் போறோம் அஞ்சலை” என்றாய்.

“எண்ணி இன்னா பண்ணப் போறே? பிடிக்கிற மீனையே நாங்க எண்றதில்ல. நீ பறக்கிறத எண்ணிக்கினு கீறே.”

“நீயும் பாரு” என்றேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு அகன்ற முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாள்.

“யம்மாடி! காலு பச்சையாக் கீதும்மா! பாசில நடந்தாப்பல! தோ, ஒண்ணு என்னையே மொறைக்குது!”

அவளுக்கே தெரிகிறது. எனக்கு வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

பிறகு நீ குனிந்தாய். வெகு நேரம் குனிந்திருந்தாய். உன் கை ஒருமுறை குழல் பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. நடுக்கம் என்று நினைத்தேன்.

“தெரியறதா?”

“தெரியுது. நல்லாத் தெரியுது.”

நான் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேன். நீ நிமிராமலே சொன்னாய்: “இன்னிக்கு எண்ண வேணாம்டி. பாத்தாப் போதும்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உனக்கு எண்ணத் தோன்றவில்லை, அவ்வளவு நிறைவு என்று எடுத்துக்கொண்டேன். நோட்டை மூடிவிட்டேன். பங்குனியில் நீ படுத்தாய். ஆனியில் போய்விட்டாய். அந்த ஒரு காலையாவது கொடுத்தேனே என்பதை வைத்துக்கொண்டுதான் இந்த எட்டு மாதத்தையும் கழித்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் முக்காலியைக் கூடத்துக்கு இழுத்தேன். பைனாகுலரைப் பிடியிலிருந்து யாரும் கழற்றவில்லை. மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கொடுத்தால் உன் கண்களின் இடைவெளிக்கு மறுபடி மடக்கிக்கொள்ள, அச்சின் மேல் ஊசியால் நீ ஒரு கோடு கீறி வைத்திருந்தாய். குழல்களை அந்தக் கோட்டுக்கு மடக்கினேன். கோட்டுக்கு வெகு முன்னாலேயே இரண்டு குழல்களும் பிடியின் இரும்பில் முட்டி நின்றன. அதற்குமேல் மடங்காது. எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. அப்படியே கண்ணை வைத்துப் பார்த்தேன். எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

ஏகாம்பரத்தின் தொட்டியில் குழல்கள் தடையில்லாமல் மடங்கும். அதுவும் அப்போதுதான் தோன்றியது.

ஒரு கண்ணால் பார்த்திருப்பாய் என்று சமாதானம் தேடினேன். நிற்கவில்லை. ஒரு கண்ணால் தெரிந்திருந்தாலும் நீ எண்ணியிருப்பாய். உனக்குத் தெரிந்தவை ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாத இரண்டு வட்டங்களும், ஓரத்தில் இருட்டும். என்னிடம் பொய் சொல்ல உன்னால் முடிந்தது. நோட்டில் பொய் எண்ணை எழுதவைக்க முடியவில்லை. உன் கடைசிப் பருவத்தை எடுத்துக்கொண்டவள் நான். நீயோ எனக்கு வலிக்கக்கூடாதே என்று பார்த்தாய். நான் தவறு என்று சொன்னால் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. இதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம்தான் வருகிறது. உன்மேல் என்று சொன்னால் அதுவும் பொய்.

“எத்தனை?” என்று வாரம் தவறாமல் கேட்ட நான் அன்று ஒருநாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ “இரு” என்றிருப்பாய். நான் குனிந்து பார்த்திருப்பேன். பிடியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, என் தோளில் வைத்தாவது உனக்குக் காட்டியிருப்பேன்.

நேற்று ஜூனியர் வகுப்பில் ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டுத் திரும்பினேன். “புரியறதா?” என்றேன். முன் வரிசையில் ஒரு பெண், நல்ல பெண், சிரித்த முகமாக, “புரியறது மிஸ்” என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். இருபத்து மூன்று வருஷமாக இப்படித்தான் தலையாட்டுகிறார்கள். நானும் சாக்பீசைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். நேற்று போக முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பயமாக மாறியது. அவளைக் கூப்பிட்டு, பலகையில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கலாம். கையில் சாக்பீசை வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேன்.