பெட்டிக்குள் கிடந்த சாமந்தி

கல்லாங்காடு,
சங்ககிரி.
வைகாசி 28, புதன்கிழமை.

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அம்மா அங்கம்மாள் எழுதிக்கொள்வது. நானும் உங்கப்பாவும் சுகம், எருமை இரண்டும் சுகம், தென்னை மரங்கள் மட்டும் பத்து நாளாகத்தான் சுகம், அது ஏன் என்று பின்னால் வருகிறது. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சௌமியாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, அதை முதலில் எழுது.

பிள்ளைகள் சேதி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது ஓடாது. உன் அண்ணன் மகள் ஜெயப்பிரியா வேளாண்மைக் காலேஜில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள், பேராசிரியர் மேடையில் ஏற்றிக் கைகுலுக்கினாராம், அந்தக் கையோடு வந்து எருமைக்குத் தவிடு கலக்கினாள். அவள் தம்பி கதிர் நாமக்கல்லில் நடந்த போட்டியில் நீளம் தாண்டி இரண்டாம் பரிசு வாங்கினான், முதல் பரிசு வாங்கிய பையனுக்குக் கால் நீளம், இவன் தன் குட்டைக் காலை வைத்துக்கொண்டு தாண்டியதே பெரிது. நம் சௌமியா அங்கே தமிழ் வகுப்பில் ஆத்திசூடியைத் தப்பில்லாமல் சொல்லிப் பரிசு வாங்கினதைப் பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, பால்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படிப் பேரன் பேத்திகள் என்றால் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதில் தப்பு என்ன.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உங்கப்பா என் தோள்மேல் தலையை வைத்துக்கொண்டே இருக்கிறார், ஒரு பேச்சு முழுசாகப் பேச விடுவதில்லை. இன்னொன்று, இது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராத சேதி. எழுதினால் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குனியிலேயே நம் காட்டு ஆழ்துளைப் போரில் தண்ணீர் குறைந்து சித்திரையில் சுத்தமாக நின்றுவிட்டது. அறுபது தென்னையும் மட்டை தொங்கிப் போயின, பிஞ்சுக் குரும்பை கீழே உதிர்கிறது, லாரித் தண்ணீரில் எத்தனை நாள் காப்பாற்ற முடியும். உன் அண்ணன் முருகானந்தம் வந்து பார்த்துவிட்டு, மரம் போனால் காட்டை வைத்து என்ன பண்ணுவது, வீட்டுமனையாகச் சைட்டு போட்டு விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தான். உங்கப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. போர் போடுகிற ரிக் வண்டி நம்மிடம் இருந்த காலத்தில் நம் காட்டில் ஒரே நாளில் இரண்டு போர் போட்டோமே, இரண்டிலும் தண்ணீர் வந்தது, ஒன்று போதும் என்று இரண்டாவதுக்கு இரும்பு மூடி வைத்து வெல்டிங் அடித்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். அதற்கப்புறம் காட்டைச் சமன் பண்ணியதில் இடம் தெரியாமல் போய்விட்டது. எனக்குத் தெரியும் என்றார் உங்கப்பா. கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒரு குழி, இரண்டு குழி, இப்படியே ஏழு குழி. பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் வேலியோரம் நின்று, ஏனுங் மாமா, ஊருக்கெல்லாம் தண்ணி காமிச்சீங்க, உங்க போரைக் காமிக்க ஆள் வரோணுங்களா என்று கேட்டான். உங்கப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார்.

அளவெல்லாம் நோட்டில் எழுதியிருந்ததே என்று ஜெயப்பிரியா கேட்டாள். நீ காலேஜ் லீவில் வந்து உங்கப்பா சொல்லச் சொல்ல, அவர் போட்ட போர் முந்நூற்று எண்பத்தாறையும் ஊர், அடி, பைப்பு, தண்ணீர் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினாய் அல்லவா, அதன்பின் நோட்டுகளை நான்தான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் அட்டாலிப் பரணில் கிடந்தது. அது இடி விழுந்து செத்துப்போனதாயிற்றே என்றார் உங்கப்பா. பெட்டி செத்தாலும் உள்ளே ஹார்டு டிஸ்க் உசுரோட இருக்கும் அப்பச்சி, வாங்க காட்டிப் பார்க்கலாம் என்றாள் அவள். அப்பாவைப் பெற்றவர் உனக்கு அப்பாரு, அம்மாவைப் பெற்றவர்தான் அப்பச்சி என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன், சௌமியா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இவளும் அப்படியே கூப்பிடுகிறாள். நடக்கவில்லை, பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நானும் கூடவே போனேன்.

சங்ககிரியில் சபரிநாதன் என்று ஒரு தம்பி கடை வைத்திருக்கிறார். பெட்டியை மேசைமேல் வைத்து நான்கு திருகாணி கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து சாமந்திப் பூ கொட்டியது. காய்ந்து சருகாகி ஒரு கைப்பிடி. பின்னால் குங்குமம், சந்தனம், தேங்காய் நார், அடியில் துரு. சபரிநாதன் என்னைப் பார்த்து, ஏனுங்கம்மா, இத்தனை பண்ணுனீங்க, எண்ணெய் தேச்சு வுடலீங்களா என்றார். ஜெயப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். உங்கப்பா சிரிக்கவில்லை, பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் சாமி. அது இடி இல்லை. அந்த ஆயுத பூசைக்கு வாசலில் ரிக் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், கம்ப்ரசரைக் கழுவினார்கள், மோட்டாரைத் துடைத்தார்கள், நம் பிள்ளை படித்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் மட்டும் தூசியோடு இருக்கலாமா என்று நான்தான் பெட்டியை வெளியே தூக்கிவந்து இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி நார் போட்டுத் தேய்த்து, பின்னால் இருந்த ஓட்டையிலெல்லாம் பூச் சொருகிப் பொட்டு வைத்தேன். மறுநாள் நீ காலையிலேயே ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாய். சாயங்காலம் நானே பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன், டப்பென்று வெடித்துப் புகை வந்தது. அந்த நேரம் பார்த்து வானமும் இடித்தது. உங்கப்பா வந்து கேட்டபோது இடி என்று வாயில் வந்துவிட்டது. அவர் உடனே, புள்ள பிளக்கைப் புடுங்காமப் போயிருக்குது என்று உனக்குப் போன் போட்டு வைதார். நான் புடுங்குனனாட்டம் இருக்குதுங்கப்பா என்று நீ அழுதது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் பேசாமல் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு வருசம் ஆகிவிட்டது.

போன மாதம் சௌமியா போனைப் பிடித்து வீடு காட்டினாளே, நீங்கள் எல்லோரும் காரில் ஏறிய பிறகு நீ திரும்ப உள்ளே ஓடினாய். அம்மா எப்பவும் இப்படித்தான் அம்மாயி, பிளக்கெல்லாம் புடுங்கிட்டுத்தான் வருவாங்க, ரெண்டு தடவை போய்ப் பார்ப்பாங்க என்று குழந்தை சிரித்தது. எனக்கு அன்றைக்குத் தூக்கமில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது வைகுந்தம் டோல்கேட் தாண்டியதும் உங்கப்பா, அப்போ இடி வேற எங்கெயும் விழுகுல, அந்தப் புள்ள தலைமேலதான் விழுந்திருக்குது, நாந்தான் கேக்காமக் கொள்ளாம வைஞ்சுபோட்டேன் என்றார். என்னை ஒரு வார்த்தை வையவில்லை, வைதிருந்தால் தேவலை. நீயே அந்தப் புள்ளைக்கு எழுது என்று மட்டும் சொன்னார்.

நல்ல சேதிக்கு வருகிறேன். வெடித்தது கரண்டு வாங்குகிற டப்பா மட்டும்தானாம், ஹார்டு டிஸ்க் மேலே முன்பக்கம் இருந்ததால் தண்ணீர் எட்டவில்லையாம். சபரிநாதன் அதைக் கழற்றி, தன் கம்ப்யூட்டரோடு ஒரு வயரில் மாட்டினார். முதல்நாள் கரகரவென்றதே தவிர ஒன்றும் காட்டவில்லை, இரண்டாம் நாள் போன் வந்தது, வாங்கம்மா, சாமி கண்ணைத் தொறந்துருச்சு என்றார். நீ ‘அப்பா தண்ணி’ என்று பேர் வைத்திருந்தாயாமே. அதில் எல்லாம் இருந்தது. தம்மம்பட்டி எண்ணூறு அடி, தண்ணீர் இல்லை, வெறும் புகை. மோகனூர் இருநூற்றுப் பத்து அடி, நல்ல தண்ணீர், கறிச்சோறு போட்டார்கள் என்று அதையும் எழுதி வைத்திருக்கிறாய். கடைசியில் நம் காடு இரண்டாவது போர், கிணற்றுக் கிழக்கு மூலையிலிருந்து தெற்கே நாற்பத்தொரு அடி, மூடி போட்டது.

டேப்பு பிடித்து அளந்தோம். உங்கப்பாவின் நான்காவது குழிக்கு ஒரு முழம் தள்ளி வந்தது. மூன்றடி தோண்டியதும் கடப்பாரை ணங்கென்றது. வேலியோரம் நின்ற சின்னண்ணனே உள்ளே குதித்து ஓடிவந்து மண் அள்ளினான். மூடியை அறுத்து மோட்டார் இறக்கிப் போட்டதும் முதலில் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்து, வாய்க்காலில் ஓடியது. உங்கப்பா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, இது புள்ளை எழுதி வெச்ச தண்ணி என்று முருகானந்தத்திடம் சொன்னார். அவன் அப்புறம் சைட்டுப் பேச்சே எடுக்கவில்லை. தென்னையில் புதுக் குருத்து விட்டிருக்கிறது.

நீ பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போனாய் கண்ணு. தப்பு என்னுடையது, அந்தப் பொய்யும் என்னுடையது. அம்மாவை மன்னித்துவிடு. நீயும் மாப்பிள்ளையும் நிறைந்து இருக்கவேண்டும், சௌமியா மேலும் மேலும் படிக்கவேண்டும், உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே.

மறந்துவிடாதே, ஒன்று கேட்கிறேன். அந்த ஹார்டு டிஸ்க்கில் உன் போட்டோ ஒன்றும் கிடைத்தது, பத்தொன்பது வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உங்கப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாய். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் மாட்டப் புதிதாக ஒன்று வேண்டும், போனில் அனுப்பாதே, கழுவி எடுத்துத் தபாலில் அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் வெளியே கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கட்டும். பின்னால் சுவரில் பிளக் சொருகினபடியே தெரியவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அங்கம்மாள்