எந்திரக் கையா, டாக்டர் கையா

நைனார்பாளையம்
4.6.2024

அன்புள்ள சின்னப்பையன் அண்ணனுக்கு,

போன் போட்டால் உங்கள் பக்கம் வெறும் காற்றுதான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம், இருவருக்கும் உணவுக்குழாயில் புற்றுநோய். உங்களுக்கு ஆபரேஷன் முடிந்தது. எனக்கு 24ஆம் தேதி. மார்பைப் பிளக்க மாட்டார்களாம், சில ஓட்டைகள்தான். அதையும் கேமராவில் பார்த்துக் கையால் செய்வதா, ரோபோவை வைத்தா என்று டாக்டர் என்னையே கேட்கிறார். ரோபோ என்றால் அவர் மூலையில் உட்கார்ந்து அதன் கைகளை ஆட்டுவாராம்! உங்களுக்குக் கையால் செய்தார், குரல் போயிற்று. ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்லிப் பிழைக்கிறவன் நான். ரோபோதானே நல்லது? எத்தனை ஓட்டை, எங்கெங்கே, எல்லாம் எழுதுங்கள்.

தம்பி வெங்கடேசன்


கரியாலூர்
11.6.2024

தம்பி வெங்கடேசனுக்கு,

மார்பில் நாலு, வயிற்றில் ஐந்து. முதுகுப் பக்கம் உள்ளவை என் கண்ணுக்குத் தெரியாததால் உன் அண்ணி காசியம்மாள்தான் எண்ணிச் சொன்னாள். இரைப்பையைக் குழாய் போலத் தைத்துக் கழுத்துவரை இழுத்திருக்கிறார்கள். சாமைக் கஞ்சி அரை டம்ளருக்கு மேல் இறங்காது. குனிந்தால் ஏறி வருகிறது.

முந்தாநாள் செக்கப்பில் டாக்டரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: ரோபோவாக இருந்தால் என் குரல் தப்பியிருக்குமா? சொல்ல முடியாது என்றார். கட்டி குரல் நரம்பிலேயே ஒட்டியிருந்ததாம். நரம்பை விட்டுவைத்தால் நோய் திரும்புமாம், அதனால் சேர்த்து வெட்டினாராம். உன் கட்டி எங்கே என்று கேள். கையால் எத்தனை பேருக்குச் செய்தார், ரோபோவில் எத்தனை பேருக்கு, அதையும் கேள். கூச்சப்படாதே.

சின்னப்பையன்


நைனார்பாளையம்
15.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டேன். கையால் முந்நூறுக்கு மேல், ரோபோவில் பதினொன்று. பன்னிரண்டாவது ஆளாக இருக்க எனக்கு மனமில்லை, கையாலேயே செய்யச் சொல்லிவிட்டேன். என் கட்டி நரம்பைத் தொடவில்லை. ஆபரேஷன் முடிந்து விழித்ததும் நர்ஸ் என் பெயரைக் கேட்டார், வார்டே திரும்பும்படி சொன்னேன்! நேற்று உங்களிடம் கால்மணி நேரம் போனில் பேசியதில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இனி தினமும் போடுகிறேன். உங்களுக்கு எழுதுகிற சிரமம் வேண்டாம்.

வெங்கடேசன்


கரியாலூர்
19.7.2024

தம்பிக்கு,

உன் குரலைக் கேட்டுக் காசியம்மாள் அழுதாள். எனக்குச் சந்தோஷம், பொறாமையும்தான், பொய் சொல்வானேன். ஆனால் போன் வேண்டாம். "அண்ணே, லைன்ல கீறீங்களா இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டாய். இருந்தேன். உனக்கு எத்தனை ஓட்டை, கஞ்சி இறங்குகிறதா, குனிந்தால் உனக்கும் ஏறுகிறதா என்று கேட்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். நீ பேசிக்கொண்டே போனாய். கடிதத்தில்தான் நான் பேசி முடிக்கும்வரை நீ சும்மா இருக்கிறாய்.

எழுது.

சின்னப்பையன்