கடலைக் கிட்டங்கியில் எழுபத்திரண்டு பேர்

1924 ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கடையில் வியாபாரம் மந்தம். புகையிலைச் சிப்பம் இரண்டு நமத்துப்போயிற்று.

மாலையில் தர்ம பண்டுக் கமிட்டி கூடியது. கோவிந்தாபுரம் கடைவீதிக்காரர்கள் நாங்கள் ஒன்பது வருஷமாகச் சேர்க்கும் பண்டு. அநாதைப் பிள்ளைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் என்றுதான் ஆரம்பித்தது. இந்த வருஷம் வீதி முகப்பில் ஒரு கல் வளைவு கட்டலாம் என்றார் தலைவர் குப்பண்ணன். கமிட்டியார் பேரெல்லாம் அதில் வெட்டப்படும். காரியதரிசி என்ற முறையில் என் பேரும் வரும்: கந்தப்பன். வீட்டுக்கு வந்து மனைவி ஜானகியிடம் பெருமையாகச் சொன்னேன். "மழ வந்தா அதுக்கடியில எத்தன பேரு ஒதுங்கலாமுங்க?" என்று கேட்டாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மூன்று நாளாக மழை விடவே இல்லை. மலை கண்ணுக்கே தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

மலைத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்துவிட்டார்கள். மண் சரிந்து, கூலியாட்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டனவாம். பொள்ளாச்சிப் பாதையில் ஓடை உடைத்துக்கொண்டதால் மேற்கொண்டு போக வழியில்லாமல் நம் வீதியில் நிற்கிறார்கள். கம்பம், தேனிப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். ஈரக் கம்பளி, தலையில் சட்டி, இடுப்பில் பிள்ளை. அவர்களைப் பார்த்ததும் வீதியில் கடைப் பலகைகளைப் போட ஆரம்பித்தார்கள். நானும் போட்டேன்.

பலகையின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். கீழ்க்கோடியில் கருப்பாத்தாள் அக்கா கடலை மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். புருஷன் போனபிறகு தனியாக நின்று பண்ணயம் பார்க்கிறவர். விதைக் கடலை மூட்டைகளைத் தானே இழுத்து இழுத்துத் தாழ்வாரத்தில் தள்ளினார். அடுத்த பட்டத்து விதை அது. சாரல் அடித்து நனைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அக்கா கடைக்கு வந்தார். சேலை முழங்கால்வரை சேறு.

"ஏனுங்க தம்பி, பண்டுல அரிசி குடுப்பீங்களா?"

கமிட்டி கூட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும் என்றேன்.

"கமிட்டி கூடட்டுமுங்க. அதுவரைக்கும் பசிய எங்கீங்க கட்டி வெக்கறது?"

போய்விட்டார். எனக்குக் கோபம். சட்டதிட்டம் இல்லாமல் பொதுக்காரியம் நடக்குமா? சாப்பிட உட்கார்ந்தால் சோறு குறைவாக இருந்தது. அரிசிப் பானையை எட்டிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. மற்ற பாதி எங்கே போனது என்று புரிந்தது; மூடியைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

கிட்டங்கியைப் பார்வையிட்டு வரும்படி கமிட்டி என்னிடம் சொன்னது. "பாத்துப்போட்டு, நம்மாலாகாதுன்னு ஒரு காரணம் எழுதியாங்க" என்று குப்பண்ணன் காதில் சொல்லி அனுப்பினார்.

காரணம் தேடித்தான் போனேன். எழுபத்திரண்டு பேர். காய்ச்சல்காரர்களுக்குத் தென்மூலை, சாக்கைக் கட்டி மறைத்திருக்கிறார். பிள்ளை பெற்றவள் ஒருத்திக்கு அக்காவின் சொந்தக் கட்டில். இன்ன ஜாதி இன்ன இடம் என்று ஒன்றும் இல்லை, ஒரே அடுப்பு. எல்லோர் பேரும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு நாளில்! எதிர்க்கடைக்காரரின் பிள்ளைகள் பேரே எனக்குத் தெரியாது.

பெரியவர்கள் துணை இல்லாத சிறுசுகள் பதினொன்று. அதில் மூத்தவள் சுருளியம்மாள், பதினேழு வயது இருக்கும். தாயும் தகப்பனும் மண்ணுக்கடியில். ஆறு வயதுத் தங்கை சின்னத்தாய் அக்காக்காரியின் சேலை நுனியை விடவே மாட்டேன் என்கிறாள். ஊருக்குள்ளிருந்து ஒருவர் வந்து, "ஊட்டு வேலைக்கு ஒரு புள்ளயக் குடுங்க" என்று கேட்டார். "சோத்துக்கு வந்தவிகள வித்துப்போட்டேன்னு ஆயிருமுங்க" என்று சொல்லி, ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா.

காரணம் எதுவும் எழுத வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கமிட்டிக்கு மலைமேல் உள்ள ஏலக்காய்த் தோட்டத்தின் குத்தகைக்காரர் காளிச்சாமி வந்திருந்தார். மூன்று மாதத்து அரிசியையும் தானே பண்டு மூலமாகத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. மழை நின்றதும், நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் அவருடைய தோட்டத்தில் இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும். சிறுசுகளும்தான். இப்போதே கைநாட்டு வைக்க வேண்டும்.

குப்பண்ணனுக்குச் சந்தோஷம். பண்டுக்குச் செலவே இல்லை, பேரும் கிடைக்கும். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது — வேலையும் சோறும் சேர்ந்து கிடைத்தால் என்ன குறை? உடன்படிக்கையை என் கையாலேயே எழுதினேன். நல்ல எழுத்து என்று பாராட்டினார்கள்.

ஜூலை 30, புதன்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காகிதத்தை எடுத்துப் போனேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "எல்லாருக்கும் கேக்கறாப்புல படீங்க தம்பி" என்றார். நின்றுகொண்டு படித்தேன். முடித்ததும் சுருளியம்மாள்தான் எழுந்தாள்.

"ஐயா, கஞ்சி ஊத்தாட்டியும் பரவாயில்ல. இந்த மழையிலயே நடந்து போயிர்றோம். எங்காத்தாவையும் எங்கப்பனையும் மூடுன மண்ணுய்யா அது. அங்க மட்டும் ஏறச் சொல்லாதீக."

அக்கா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, திரும்ப என்னிடமே கொடுத்தார். கிழிக்கவில்லை, கத்தவில்லை.

"சோறு போட்டா அது சோத்தோட முடிஞ்சுரோணுமுங்க தம்பி. அதுக்கப்பறம் அவிக எங்க போறாங்கங்கறது அவிக பாடு. காளிச்சாமியண்ணங்கிட்ட நான் கும்புட்டேன்னு சொல்லீருங்க."

எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்று கேட்டேன். நான்கு நாளைக்கு என்றார், ஏதோ நான்கு வருஷம் என்பது போல.

ஜூலை 31, வியாழன்

கடை திறக்கவில்லை. நல்ல எழுத்தாம். அந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா நின்னு படிச்சேனே, எனக்கு என்ன கேடு? வளைவுல பேரு வேணுமின்னு அலைஞ்சவன்தானே நான்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

கமிட்டியில் பேசினேன். வளைவுக்கு ஒதுக்கியதை அரிசிக்குக் கொடுங்கள், நிபந்தனை எதுவும் வேண்டாம் என்றேன். "காரியதரிசி எழுதறதுக்குத்தானுங்க, பேசறதுக்கில்லீங்க" என்றார் குப்பண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானப் புத்தகத்தையும் பெட்டிச் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஜானகியிடம் சொன்னேன். "செரி, எந்திரீங்க. பிடியரிசி எடுக்கப் போலாம்" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வீடு வீடாக. ஆளுக்கு ஒரு பிடி அரிசி, அவ்வளவுதான் கேட்டோம். முதல் தெருவில் வெட்கத்தில் நான் பின்னால் நின்றேன். எல்லாம் ஜானகிதான் கேட்டாள். செக்கடிக்காரர் எண்ணெயும் கொடுத்தார். வண்டிப்பேட்டை ராவுத்தர், "வண்டி எடுத்துக்குங்க, தலையில எத்தன தூரம் சொமப்பீங்க" என்று மாட்டைப் பூட்டிக் கொடுத்தார். வயலில் கூலிக்குப் போகிறவர்கள் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்கள். வரி வசூல் பண்ணும் அம்சம் அதிகாரி வீட்டில் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். குப்பண்ணன் வீட்டு முன்னால் நான் தயங்கினேன். அவர் மனைவி தானே வாசலுக்கு வந்து ஒரு முறம் நிறையக் கொட்டினார். "வாராவாரம் வாங்க" என்றார்.

கிட்டங்கியில் இறக்கும்போது அக்கா என்னைப் பார்த்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "வந்தீங்களா தம்பி. அந்த அண்டாவ ஒரு கை புடீங்க."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை நின்றது. காளிச்சாமி இரண்டு வண்டியோடு வந்தார். பதினொரு சிறுசுகளுக்கும் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டார். அக்கா வழியை மறிக்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டார்.

"அவிகளையே கேளுங்க. வாறவிக வரட்டும்."

நான்கு ஆண்கள் போவதாக எழுந்தார்கள். எனக்குக் கசந்தது. இத்தனை நாள் சோறு தின்றுவிட்டு! அக்காவோ நான்கு பேருக்கும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார். "காச்ச வந்தா எறங்கி வந்துருங்க கண்ணு" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வருத்தம் இருந்தது, கோபம் துளியும் இல்லை. எனக்கு எந்த ஜென்மத்தில் இது வரும்?

சிறுசுகளில் ஒருத்தரும் அசையவில்லை. சின்னத்தாய் மட்டும் வண்டி மாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஓடையில் தண்ணீர் வடிந்துவிட்டது. முப்பது பேர் ஊருக்குப் புறப்பட்டார்கள். ஓடைக்கரைவரை நானும் கூடவே நடந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

குப்பண்ணன் கிட்டங்கிக்கே வந்துவிட்டார். மனைவி வாராவாரம் அரிசி கொடுப்பது இப்போதுதான் தெரிந்ததாம். சண்டைக்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அக்கா கழனியில் இருந்தார். வரும்வரை காத்திருக்கிறேன் என்று ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார். மலையில் கை முறிந்த கிழவர் ஒருவருக்குச் சுருளியம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சிறுசுகள் எட்டுப் பேர் பள்ளிக்கூடப் பலகையோடு உள்ளே வந்து குப்பண்ணனையும் கும்பிட்டார்கள், எல்லோரையும் கும்பிடுகிற மாதிரி. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்தபோது எழுந்து நின்றார்.

"மாசாமாசம் பண்டுலிருந்து அரிசி வருமுங்க. அந்தப் புள்ளைக படிப்புச் செலவும்."

"காயிதம் ஏதாச்சும் எழுதோணுமுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"ஒண்ணும் வேண்டாமுங்க."

குப்பண்ணன் என்னைப் பார்த்து, பண்டுப் பெட்டிச் சாவியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாளைக்குப் போக வேண்டும்.

1925 ஜனவரி 25, ஞாயிறு

ஏலத் தோட்டத்துக்கு ஏறப் போகிற ஒரு குடும்பம், தெற்கிலிருந்து நடந்தே வந்தவர்கள், விசாரித்துக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் மலைக்குக் கூட்டிப் போகப் பயமாம். இங்கே விடலாமா என்று கேட்டார்கள். கருப்பாத்தாள் அக்கா கொல்லையில் அவரைக்காய்ப் பந்தலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் சுருளியம்மாள் அந்தத் தாயின் தலையிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டாள்.

"எத்தன நாளைக்கு வச்சுக்கிருவீக?" என்று அந்தத் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இங்க அதெல்லாம் கேக்குறதில்லக்கா. மொதல்ல கால் கழுவுங்க. கஞ்சி ஆறிப்போகும்."