அழகுமுத்து கழட்டிக் குடுத்த சட்டை

முருகன் துணை

மேல் டிவிசன்,
பூண்டுலோயா.
24-3-63

அன்பு மகன் செல்லசாமிக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நாங்க இருக்கோம், ஒங்கம்மாவுக்கு விடியக்காலப் பனியில மூச்சு இழுக்குறதத் தவிர வேற கொறை இல்ல, நீ அந்த வாழைச்சேனை வெயில்ல ஒடம்பு நோகாம இருக்கணும்னு மேட்டு லயத்து மாரியாத்தாள வேண்டிக்கிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். நீ அனுப்பின கருவாடு வந்து சேந்துச்சு, ஒங்கம்மா பாதிய நாகலெட்சுமிக்குன்னு எடுத்து வெச்சுட்டா. ஒங்கக்காவுக்கு இது ஏழாம் மாசம், போன வெள்ளிக்கெழம கூட்டிக்கிட்டு வந்துட்டோம், மாப்பிள்ளையும் வந்து ஒரு நாள் தங்கிட்டுப் போனாரு. மழை இல்ல, கொழுந்து கொறைஞ்சு போச்சு, ஸ்டோர்ல தேயிலை அரைக்கிற ரோதை பாதி நாளு சும்மா நிக்குது. பசு கன்னு போட்டுருக்கு, கெடேரி. நீ ஆலையில மெசினுக்குக் கிட்ட நிக்கிறப்ப சாரத்தக் கட்டிக்கிட்டு நிக்காத, கால்சட்டை போட்டுக்க, ஒங்கம்மா இத எழுதச் சொல்லி ரெண்டு தடவ வந்து பாத்துட்டா.

ஏன் இத்தன நாளா பதிலே இல்லன்னு கேட்டிருந்த. எழுதணும்னு ஒக்காருவேன், கை வராது. இப்ப எழுதாம இருக்க முடியாது, ஏன்னா வீரம்மா மகன் அழகுமுத்து ஒன்னத் தேடித்தான் கெளம்பி வந்திருக்கான். லாபிர் நானாவோட மரக்கறி லாரியில கண்டி வரைக்கும் போனான், அங்க நானாவே பஸ்ஸு ஏத்தி விட்டுருக்காரு. இந்நேரம் ஒங்கிட்ட வந்து சேந்திருப்பான். எதுக்கு வந்தன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டான், அவன் கொணம் ஒனக்குத் தெரியும். வீட்டுல ஏதோ சண்டை போலன்னு நீயா நெனச்சுக்குவ. வீட்டுச் சண்டை இல்ல தம்பி. என்னாலதான் போனான். அத வேற யாரும் ஒனக்குச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிறணும்னுதான் இந்தக் கடுதாசி.

நீ வேலைக்குப் போனப்ப நம்ம கரப்பந்து டீமு இருந்த இருப்பு ஒனக்கு மறந்திருக்காது. பழைய ஆளுங்கள்ல ரெண்டு பேரு இந்தியாவுக்குப் போயிட்டாங்க, பழனியாண்டி தேயிலைய கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி பட்டு ஒரு காலு வெளங்காம ஆயிட்டான், அடிச்சு ஆடுற ஆளுன்னு இருந்த நீயும் பொட்டியக் கட்டிட்ட. மிச்சம் நின்னது மீச மொளைக்காத பயலுங்கதான். நானுஓயா ஸ்டேசன்ல ரயிலு வர்ற வரைக்கும் நீ அவனுங்களப் பத்தித்தான் பேசின. அப்பா, இவனுங்கள அவசரப்படுத்திராதீங்க, ரெண்டு மூணு வருசம் தோத்தாலும் தோக்கட்டும், வெளியாளத் தேடாதீங்க, இவனுங்க கையும் காலும் ஒருத்தனோட ஒருத்தனுக்குப் பழகிட்டா பொறவு எவனும் கிட்ட வர முடியாதுன்னு சொன்ன. நானும் சரின்னேன். ஒங்கிட்ட மட்டுமா சொன்னேன், வாலிபர் மன்றக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன், இந்த டீமு இப்பத்தான் நட்ட கன்னு, இதுல யாரும் இப்பவே கொழுந்து கேக்கக் கூடாதுன்னு. கை தட்டுனாங்க. அப்பறம் லயம் லயமாப் போயி பயலுங்களோட ஆத்தாமாருங்ககிட்ட கெஞ்சினேன். வீரம்மா லேசுல ஒத்துக்கல. வேலை முடிஞ்சு வந்தா வெறகு யாரு பொறுக்குறது, தண்ணி யாரு எடுக்குறது, பந்து அடிச்சா சோறு வருமா அண்ணேன்னு கேட்டா. அவ வீட்டுக்காரன் இராமையாதான், வுடு புள்ள, சோலைமலை பாத்துக்குவான்னு சொல்லி அனுப்பி வெச்சான். சின்ன வயசுல துணிய உருட்டிப் பந்தாக் கட்டி என்னோட வெளையாடினவன் அவன். என்ன நம்பித்தான் சொன்னான்.

மொத வருசம் ஒரு மேட்சு கூட ஜெயிக்கல. ரெண்டாவது வருசமும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். போற தோட்டமெல்லாம் சிரிச்சாங்க, ஸ்டோர்ல நம்ம ஆளுங்களே, என்ன சோலைமலை, பயலுங்களுக்குப் பால்போத்தலும் கொண்டு போனியான்னு கேப்பாங்க. எனக்குச் சுருக்குன்னு தைக்கும். ஆனா பயலுங்க மறுநாளு சாயங்காலம் மறுபடியும் வந்து நிப்பானுங்க. அழகுமுத்து இருக்கானே, மத்தவனுங்களுக்குப் பந்தத் தூக்கிக் குடுக்குற வேலைய அவனுக்குக் குடுத்தது நீதான். அடிக்கிறவனுக்குத்தான் ஊரு கை தட்டும், தூக்கிக் குடுக்குறவன யாரு பாக்குறா, ஆனா அவன் அதப் பத்தி ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல. நம்ம கணேசமூர்த்தி எடது கைக்காரன், அவனுக்குப் பந்து குடுக்க ஒருத்தனுக்கும் வராது. அழகுமுத்து திரும்பியே பாக்காம தலைக்குப் பின்னால தூக்கிப் போடுவான், கணேசமூர்த்தி குதிக்கிற எடத்துல பந்து வந்து நிக்கும். நான் பாத்துப் பாத்து அசந்து போயிருக்கேன். இந்த வருசம் தை மாசத்துலருந்து ஜெயிக்க ஆரம்பிச்சானுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு ஜெயிச்சு, இன்னும் ஒரே ஒரு மேட்சு ஜெயிச்சா அட்டனுக்குப் போற கடைசி நாலு டீமுல நாமளும் ஒண்ணுங்குற அளவுக்கு வந்துட்டோம். நீ சொன்னபடியே வந்துச்சு. அங்கதான் எனக்குப் புத்தி கெட்டுச்சு.

ஒரு நாளு காலையில ஆளுங்களுக்கு வேலை பிரிச்சு விட்டு முடிச்சதும் கண்டாக்கையா என்ன ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்புனாரு. ஸ்டோருக்கு மேல கெடக்குற சமதரையில தேயிலை வெக்கப் போறாங்களாம், நம்ம டீமு கடைசி நாலுக்குள்ள வந்துட்டா அத வெளையாட்டு மைதானமா விட்டுர்றேன்னு தொரை சொன்னாராம். அதோட நிறுத்தல, நோட்டன் பிரிட்ஜ்ல அணைக்கட்டு வேலை செய்ற மூணு பேரு இருக்கானுங்க, ஆளு ஒவ்வொருத்தனும் பனைமரம் மாதிரி, கூப்பிட்ட டீமுக்கு வந்து ஆடிக் குடுப்பானுங்க, வெளியாள சேக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லியேன்னாரு. நான் யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். யோசிக்கவே இல்ல. ஸ்டோருக்கு எறங்கி வர்றதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். மைதானத்துக்காகச் செஞ்சேன், நாளைக்கு அந்தப் பயலுங்களுக்குத்தான வேணும்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். ஒனக்குப் பொய் எழுத மாட்டேன். மைதானம் ஒரு பக்கம். சோலைமலை டீமு அட்டனுக்குப் போகுதுன்னு நாலு பேரு சொல்லணும், பால்போத்தல்னு சிரிச்சவன் வாய மூடணும், அதுக்காகத்தான் செஞ்சேன்.

முந்தின நாளே பயலுங்ககிட்ட சொல்லியிருக்கலாம். சொல்ல மொகம் இல்ல. ஞாயித்துக்கெழம கீழ் டிவிசன் பெரட்டுக்களத்துல மேட்சு, ரெண்டு டிவிசன் சனமும் வந்து நிக்கிது, வீரம்மாவும் இராமையாவும் வந்திருக்காங்க. சட்டை நம்மகிட்ட ஆறுதான், நீ போட்டிருந்த அதே நீலச் சட்டைங்கதான். ஆறு பயலுங்களும் போட்டுக்கிட்டு குளிருக்குக் குதிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. அந்நேரம் பாத்து நோட்டன் பிரிட்ஜ் ஆளுங்க லாரியில வந்து எறங்குனானுங்க. நான் போயி அழகுமுத்துகிட்ட சட்டையக் கழட்டுடான்னேன். சட்டை கிழிஞ்சிருக்குன்னு சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு அவன் தோளுக்கு மேல திரும்பி முதுகப் பாக்குறான். இல்லடா, இவருக்குக் குடுன்னேன். கழட்டினான். கழட்டுறப்ப ஒரு கை உள்பக்கம் வெளிய வந்துருச்சு, அதத் திருப்பிச் சரிசெஞ்சுதான் அந்த ஆளு கையில குடுத்தான். வந்தது மூணு பேரு இல்லியா, இன்னும் ரெண்டு பயலுங்க அவனப் பாத்துட்டு அவனுங்களாவே கழட்டிட்டானுங்க. அந்த ஆளுக்கு அது பத்தல, மாட்டுறப்பவே அக்குள் பக்கம் பர்ருன்னு கிழிஞ்சுச்சு, சனம் சிரிச்சுச்சு. வீரம்மா கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்து தான் போத்தியிருந்த கம்பளிய மகன் மேல போட்டுட்டு என்ன ஒரு பார்வ பாத்துட்டுப் போனா. அதோட விட்டானா அவன், வீட்டுக்குப் போயிருந்தாலும் எனக்கு மனசு ஆறியிருக்கும். போகல. பந்து சரிவுல உருண்டு தேயிலைக்குள்ள விழறப்பெல்லாம் கம்பளியப் போத்திக்கிட்டே எறங்கிப் போயி எடுத்துக்கிட்டு வந்து குடுத்துக்கிட்டு இருந்தான்.

ஜெயிச்சோம். கண்டாக்கையா எனக்கு மாலை போட்டாரு. தம்பி, மத்ததெல்லாம் எழுதிட்டேன், இத எழுதத்தான் ரொம்ப வெக்கமா இருக்கு, மாலை கழுத்துல விழுந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அழகுமுத்து எங்க நிக்கிறான்னு நான் தேடிக்கூட பாக்கல. வீட்டுக்கு வந்தா ஒங்கம்மா மாலைய எங்க மாட்டுறதுன்னு கேக்கல, மாட்டுக் கொட்டாய் பக்கம் கையக் காட்டிட்டு உள்ள போயிட்டா. அவன் அதுக்கப்பறம் பந்தையே தொடல, போன வாரம் லாரி ஏறிட்டான். இராமையா காலையில பெரட்டுக்கு நிக்கிறப்ப என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறான். நான் ரெண்டு தடவ அவன் லயத்து வாசல் வரைக்கும் போயிட்டு, கூப்பிடத் தைரியம் இல்லாம திரும்பிட்டேன்.

அட்டன்ல என்ன ஆச்சுன்னு கேப்ப. தோத்தோம், அதுவும் கேவலமாத் தோத்தோம். அந்த மூணு பேரும் தங்களுக்குள்ளயே பந்தக் குடுத்து அடிச்சுக்கிட்டானுங்க. கணேசமூர்த்தி குதிச்சுக் குதிச்சு எறங்குறான், பந்து அவன் பக்கமே வரல. நடுவுல எங்கிட்ட வந்து, மாமா, எங்க மேட்ச நாங்க தோத்திருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது மாமான்னு சொல்லிட்டு அழுதுட்டான். முடிஞ்சதும் அந்த ஆளுங்க வேர்த்த சட்டையத் தரையில கழட்டிப் போட்டுட்டு எங்கிட்ட சொல்லிக்காமலே போயிட்டானுங்க, நாந்தான் பொறுக்கிக்கிட்டு வந்தேன். தொரை சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு, சமதரைய வெட்டி நெரவி, கம்பம் நட்டுக் குடுத்திருக்காங்க, அப்பிடி ஒரு மைதானம் சுத்துவட்டாரத்துல இல்ல. ரெண்டு வாரமா சாயங்காலம் நான் மட்டும் போயி நின்னுட்டு வந்தேன். ஒரு பயலும் வரல. கூப்பிட்டா, வர்றோம் மாமாம்பானுங்க, மரியாதையாத்தான் பேசுறானுங்க, வர மாட்டானுங்க. போன ஞாயித்துக்கெழம மன்றத்துல எந்திரிச்சு, தப்பு பண்ணிட்டேன், இனிமே பொறுப்ப பழனியாண்டி பாத்துக்கட்டும்னு சொல்லிட்டு ஒக்காந்துட்டேன். யாரும் வேணாம்னு தடுக்கல. பழனியாண்டி கம்ப ஊனிக்கிட்டு மேல ஏறிப் போறான், இப்ப மூணு நாலு பயலுங்க வர்றதா கேள்வி. நான் அந்தப் பக்கம் போறதில்ல.

நேத்து சாயங்காலம் வீரம்மா வந்தா. ஏச வந்திருக்கான்னு நெனச்சேன், ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். மகனுக்கு ஒரு கடுதாசி எழுதணும் அண்ணேன்னா. இந்தப் பக்கத்து லயங்கள்ல எழுதத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான, வேற எங்க போவா. தரையில ஒக்காந்து சொன்னா, நான் எழுதினேன். ஒழுங்காச் சாப்புடு, கடலுப் பக்கம் போகாத, செல்லசாமி அண்ணன் சொல்றதக் கேளு, அப்பாவுக்கு இருமல் கொறைஞ்சிருக்கு, வெறகு நான் பொறுக்கிக்கிறேன், நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத, அங்க பந்து வெளையாடுற எடம் இருந்தா வெளையாடு, இப்பிடியெல்லாம் சொன்னா. கண்ணுல தண்ணி வந்து எழுத்த மறைக்குது. முடிச்சதும் வழக்கம் போல கீழ எழுதினது இன்னாருன்னு எம்பேரப் போடப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா பேனா மறுபடி கீழ போறதப் பாத்து என்னான்னு கேட்டா. சொன்னேன். வேணாம் அண்ணே, ஒங்க பேரு அதுல இருக்க வேணாம்னு சொன்னா. கோவமாச் சொல்லல, மெதுவாத்தான் சொன்னா. ஒங்கம்மா குடுத்த தேத்தண்ணியக் குடிச்சுட்டுப் போயிட்டா.

அவன் அங்க இருந்தா ஒன்னோடயே வெச்சுக்க. ஆலையில ஏதாவது வேலை கெடைச்சா சேத்து விடு, கெடைக்காட்டியும் அனுப்பிறாத. ஒங்க ஆலையில டீமு இருக்குன்னு எழுதியிருந்தியே, அதுல சேத்து விடு, உள்ள எறக்கி ஆட விடு. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லாத, அத நீ சொல்லி நான் தப்பிக்கக் கூடாது, அவன் வருசப்பொறப்புக்கு வந்தா நானே அவன் லயத்துக்குப் போயி இராமையா முன்னாடி கேப்பேன். இத்தன வருசமா ஒனக்குப் புத்தி சொன்ன அப்பன் இப்பிடின்னு நீ தலை குனிஞ்சிறாத, குனியறதுக்கு நான் இருக்கேன். நீ நல்லா இருக்கணும், ஒன் கையால நாலு பேரு நல்லா இருக்கணும், மாரியாத்தா ஒனக்குத் தொணை நிப்பா. ஒங்கம்மாவும் அக்காவும் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. மறந்துறாத, ஒண்ணு மட்டும். வீரம்மா சொன்ன கடுதாசியயும் இதுக்குள்ளயே மடிச்சு வெச்சிருக்கேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான், இருந்தாலும் அவன் கையில குடுத்துறாத. நீயே படிச்சுக் காட்டிரு. அவங்க ஆத்தா பேசுறதா அது அவன் காதுல விழட்டும், என் எழுத்து அவனுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒன் அப்பா
சோலைமலை